கோபம் போகாத கை

தேயிலை விலை விழுந்து, எங்கள் எஸ்டேட்டில் பாதிப் பேரை வேலையை விட்டு நிறுத்திய வருடம் அது. என் மளிகைக் கடைக்கு எதிரே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், கை வைத்து வலி போக்கும் ஓர் அம்மாள் இருந்தார். சிலோனிலிருந்து வந்தவர். ஒடிசலான உடம்பு, கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். யாரைத் தொடும் முன்பும் பச்சைத் தண்ணீரில் கை கழுவிக் கண்ணை மூடி நிற்பார். அந்த ஆள்மேல் பிரியம் வந்த பிறகுதான் தொடுவாராம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது.

ஒருநாள் எஸ்டேட் சூப்பர்வைசர் அவர் வாசலுக்கு வந்தார். கழுத்து பிடித்துக்கொண்டு தலையைத் திருப்ப முடியவில்லை. நிறுத்தப்பட்டவர்களின் பெயர்களை வாசித்தவர் அவர்தான். அம்மாளின் பெயரையும் வாசித்திருந்தார். லயமே வெளியே வந்து நின்றது. ஒருவன் கையில் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி இருந்தது.

அம்மாள் அவரை ஸ்டூலில் உட்கார வைத்தார். கை கழுவி நின்றார். மறுபடி கழுவினார். கழுத்தருகே கொண்டுபோன கையை இறக்கிவிட்டார்.

“கோவம் போகமாட்டேங்குதுங்கய்யா. இதோட தொட்டா அது வெறும் கைதான்.”

“மேல சொன்னதத்தானம்மா செஞ்சேன்.”

“தெரியுதுங்க. தெரிஞ்சும் போகலையே. நாளைக்கு வாங்க.”

மறுநாளும் கை இறங்கிவிட்டது. அந்த வாரமே கழுத்து தானாகச் சரியாயிற்று. ஆனாலும் சூப்பர்வைசர் சாயங்காலமானால் வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஒரு மழை நாளில் அம்மாள் கையை வைத்தார். வலியே இல்லாத கழுத்து அது. அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். அம்மாள் கையை எடுக்கவேயில்லை. கடைக்குள் நான், துடைத்த தராசையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.