ஆராவமுதனின் வெண்கலப் பானை

"பசியா? அது மனசு திடமில்லாதவாளுக்கு வர்றது. சிங்கப்பூர் போய்ச் சேர்ற வரைக்கும் பிறத்தியார் கையால ஒரு வாய் தீர்த்தம்கூட வாங்கமாட்டேன்!"

1934-இல் சின்ன காஞ்சிபுரம் சந்நிதித் தெருவில், பட்டினி கிடக்கும் அநாதைக் குழந்தைகளுக்காக நிதி திரட்டச் சைக்கிளேறிய ஆராவமுதன் இப்படித்தான் முழங்கினார். கடல் தாண்டினால் ஆசாரம் கெடுமென்று பர்மா, சயாம் வழியாகத் தரையிலேயே போனார். தன் சோற்றைத் தானே சமைக்கும் தளிகைக்கென்று பின்னால் ஒரு வெண்கலப் பானையும் போயிற்று.

"அடுப்பு எரியலேன்னா?" என்று மனைவி ரமாமணி கேட்டதற்கு, "எரியும்" என்றார்.

மலேயாவில் எரியவில்லை. நான்கு நாள் அடைமழையில் ரப்பர் தோட்டம் முழுவதும் காய்ந்த சுள்ளி ஒன்றுகூட இல்லை. பச்சரிசியை மென்று பார்த்தார்; வாந்திதான் வந்தது. ஐந்தாம் நாள் கண் இருட்டி, சைக்கிளோடு சேற்றில் சாய்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை.

செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ரப்பர் பால் வெட்ட வந்திருந்த அங்கம்மாள், கஞ்சிக் கலயத்தோடு அவர் அருகில் குனிந்தாள்.

"இன்னா சாமி, செத்துக்கினு இருக்கீங்களா? என் கஞ்சியக் குடிச்சா தீட்டு, குடிக்காங்காட்டி பொணம். எது வேணும், சொல்லுங்க."

மகா ஆசாரசீலர் வெண்கலப் பானையை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். கஞ்சி தீர்ந்ததும் மறுபடியும் நகர்த்தினார்.