கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னவள்

தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டு மோட்டார் ஒரு காலையில் ஓடவில்லை. என்ன ஆயிற்றோ என்று நான் எனக்குள்தான் முணுமுணுத்தேன். சமையலறை வாசலில் இட்லித் தட்டோடு நின்றிருந்த கொழுந்தியா, அதாவது என் மனைவியின் தங்கை, பதில் சொன்னாள்: “நல்ல கேள்வி மாமா. இதுக்கு முக்கியமா மூணு காரணம் இருக்கலாம்.” மூன்றையும் வரிசையாகச் சொல்லி, கடைசியில் சுருக்கித் தொகுத்தும் கொடுத்தாள். என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. சொன்னவளுக்கோ இதில் என்ன வேடிக்கை என்றே புரியவில்லை. பிறகு நான் போய்ப் பார்த்தேன். ஃபியூஸ் போயிருந்தது.

எங்களுடையது காதல் கல்யாணம். மாமியார் வீடு ஏரியூர்ப் பக்கம். வீட்டுக்குள் கன்னடம் பேசுவார்கள், எனக்கு அது இன்றுவரை பாதிதான் விளங்கும். கொழுந்தியா என்னிடம் தமிழில்தான் பேசுவாள். பொறியியல் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தாள். எங்கள் ஊரில் இணையம் கொஞ்சம் ஒழுங்காக வரும் என்பதால் அக்காள் வீட்டோடு வந்து தங்கிவிட்டாள்.

நான் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே. நான் சேர்ந்த காலத்தில் ஒன்றும் தெரியாதவர்களையும் கூட்டம் கூட்டமாக எடுப்பார்கள். உட்காரவைத்துச் சொல்லியும் கொடுப்பார்கள், சம்பளமும் கொடுப்பார்கள். புதியவர்கள் கை பழக என்றே சின்னச் சின்ன வேலைகள் இருந்தன. இப்போது அவற்றையெல்லாம் செயற்கை நுண்ணறிவு செய்துவிடுகிறது. அதனால் எல்லாரும் தெரிந்தவர்களைத்தான் கேட்கிறார்கள். தெரிந்துகொள்ள எங்கே போவது? அதே செயற்கை நுண்ணறிவிடம்தான். வேலையைப் பிடுங்கிக்கொண்டதும் அதுதான், வாத்தியாரும் அதுதான்.

அவள் படித்ததை நான் கண்ணால் பார்த்தேன். கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து, ‘இது ஏன் ஓடல, நீ சொன்ன மாதிரிதானே செஞ்சேன்’ என்று அதனோடு மல்லுக்கு நிற்பாள். வருகிற ஆங்கிலப் பதிலை வாய்விட்டுப் படிப்பாள். ‘நல்ல கேள்வி’ என்று தொடங்கி, மூன்று பகுதியாகப் பிரித்து, கடைசியில் தொகுத்தும் தரும் அது. புரிகிறவரை விடமாட்டாள். நான் சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று சிலது கேட்டேன். எல்லாம் சரியாகச் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கல்லூரியில் நான்கு வருடம் யாரும் அவளிடம் ஆங்கிலத்தில் முழுதாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. அவளுடைய ஆங்கிலம் முழுக்க அந்தக் கைப்பேசி கொடுத்த ஆங்கிலம்.

முதல் நேர்காணல் காணொளியில், ஆங்கிலத்தில் நடந்தது. கதவு திறந்திருந்ததால் அடுத்த அறையிலிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. கேள்வி வந்ததும் ஒரு நொடி நிறுத்துவாள், மனசுக்குள் தமிழிலிருந்து மாற்ற வேண்டுமே. பிறகு பிசிறில்லாமல் மூன்று பகுதியாகப் பதில் வரும். திரையில் வேறு எதையோ வைத்துப் படிக்கிறாள் என்று கேள்வி கேட்டவருக்குச் சந்தேகம். கேமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொன்னார். ஊரிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த மாமியார், கும்பிடுவதா எழுந்து போவதா என்று தெரியாமல் விழித்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லச் சொன்னார். இது இப்போது எல்லா இடத்திலும் நடப்பதுதான். மூடிக்கொண்டு சொன்னாள். அப்போதும் அதே மூன்று பகுதி. தேர்வாகவில்லை என்று சாயங்காலமே மின்னஞ்சல் வந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. அவள் அழவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள். “கண்ண மூடினேன்ல மாமா, அப்பக்கூட அதோட வார்த்தைதான் வந்துச்சு. என்னோடதுன்னு ஒண்ணு இருக்கும்னு தேடிப் பாத்தேன். காணோம்.”

இதற்கிடையில் மாமனாருக்குப் பொறுமை போயிருந்தது. ஓசூர்ப் பக்கம் கைப்பேசி செய்கிற தொழிற்சாலையில் பெண்களை எடுக்கிறார்கள், திங்கட்கிழமை வேன் வரும், விடுதியில் தங்கி வேலை பார்க்கட்டும் என்று ஆள் பார்த்துச் சொல்லிவிட்டார். இவளும் சரி என்றுவிட்டாள். அங்கே போய்விட்டால் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து எங்கே படிப்பது? பெங்களூர் நிறுவனம் ஒன்றில் இன்னொரு நேர்காணல் மட்டும் பாக்கி இருந்தது, வெள்ளிக்கிழமை. வேண்டுமென்றே கொஞ்சம் திக்கிப் பேசு, நடுவில் தப்பு விடு, அப்போதுதான் நம்புவார்கள் என்று நான் யோசனை சொன்னேன். அவள் என்னை முறைத்தாள். “தெரிஞ்சத தெரியாத மாதிரி நடிக்கவா மாமா இத்தன நாள் படிச்சேன்?”

வெள்ளிக்கிழமையும் காணொளிதான், நான் கதவோரம் நின்றுகொண்டேன். இரண்டு பேர் கேள்வி கேட்டார்கள், ஒருவர் பெண். பாதியில் அந்த அம்மா பக்கத்திலிருந்தவரிடம் தாழ்ந்த குரலில் கன்னடத்தில் ஏதோ சொன்னார். இதுவும் பார்த்துப் படிக்கிற கேஸ்தான் என்று அர்த்தம். தர்மபுரிப் பெண்ணுக்குக் கன்னடம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்திருப்பார். நம் ஆள் உடனே கன்னடத்திலேயே, படிக்கலைங்க மேடம், எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்றேன் என்றாள். பிறகு, அப்படியானால் இதையே கன்னடத்தில் சொல் என்றார்கள்.

அதற்குப் பிறகு அவள் பேசியதுதான் பேச்சு. மூன்று பகுதியும் இல்லை, தொகுப்பும் இல்லை. வார்த்தைக்குத் தடுமாறினாள், ஆரம்பித்ததைப் பாதியில் விட்டாள், கையை ஆட்டினாள், இல்லை இல்லை அப்படியில்லை என்று தன்னையே திருத்திக்கொண்டாள். அந்தக் கன்னடத்தில் அவளுக்கு யாரும் கணினி சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லாவற்றையும் அங்கேயே யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குப் பாதிதான் விளங்கியது. அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது என்பது மட்டும் நன்றாக விளங்கியது. கடைசியில் ஏதோ கேட்டார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தெரியாது மேடம் என்றாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்த அம்மா சிரிப்பது கேட்டது. திங்கட்கிழமை வேன் வந்தபோது மாமனாரே வாசலுக்குப் போய், புள்ளைக்கு பெங்களூர்ல வேலைங்க என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

இப்போது அவள் அங்கே இருக்கிறாள். செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிற நிரலைப் படித்து அதில் எங்கே தப்பு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதே வேலையில் இருக்கிற அனுபவக்காரர்களைவிட அதிகம் பிடிக்கிறாளாம். எப்படி என்று போன வாரம் ஊருக்கு வந்தபோது கேட்டேன்.

“அதுக்குத் தெரியாததையும் தெரிஞ்ச மாதிரியே பேசும் மாமா. எனக்கு அந்தக் குரல் கேட்ட உடனே தெரிஞ்சிடும். நானும் கொஞ்ச நாள் அப்பிடித்தானே பேசிட்டு இருந்தேன்.”