ஒரு ஸ்பூன் தண்ணீருக்கு அனுமதி

என் அகத்துக்காரரை ஜட்கா இடித்த அன்று, அவர் தன் காலாலேயே நடந்துதான் வீட்டுக்குள் வந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு, “உடனே ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலை?” என்று என்னைக் கேட்காத ஆள் மயிலாப்பூரில் பாக்கியில்லை. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. வேஷ்டியில் மண், முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறவரை எந்த மகராசி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடுவாள்?

யுத்தத்தில் குண்டு விழப்போகிறது என்று பட்டணத்தைக் காலிசெய்துகொண்டு ஓடினவர்களெல்லாம் மூட்டை முடிச்சோடு திரும்பிக்கொண்டிருந்த சமயம் அது. அப்படி ஒரு குடும்பத்தையும் அவர்களுடைய டிரங்குப் பெட்டிகளையும் ஏற்றி வந்த ஜட்காவின் குதிரை, லஸ் முனையில் மிரண்டுவிட்டது. எதிரே சைக்கிளில் வந்த இவரை, இடது விலாவுக்குக் கீழே, வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஏர்க்கால் குத்திக் கீழே தள்ளியது. வண்டிக்காரர் ஒரு சாயபு. சவாரியை அங்கேயே இறக்கிவிட்டு, இவரைத் தூக்கி உட்காரவைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். “குதிரை மெரண்டுச்சும்மா, நான் இன்னா பண்ணுவேன்” என்று வாசலில் கை கட்டி நின்றவரை நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். இவர்தான் உள்ளேயிருந்து, போதும் விடு என்றார்.

மாமியார் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தார். இவர் அதைக் குடித்துவிட்டுப் படுத்தார். சற்றைக்கெல்லாம் இடது தோள் வலிக்கிறது என்றார். வயிற்றில் இடித்ததற்குத் தோள் ஏன் வலிக்கவேண்டும் என்று நானும் கேட்டேனே தவிர, அதற்குமேல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு கொட்டாவியாக விட ஆரம்பித்தார். உதடு வெளுத்தது. நெற்றியெல்லாம் வேர்வை, கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக் குடித்தார். வயிற்றில் கைவைத்துப் பார்த்தேன், பலகையாக இருந்தது. பகீர் என்றது. வாசலுக்கு ஓடினால் அந்த சாயபு இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமியார் வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தவர் ஒல்லியான, நடுவயசு சர்ஜன். நாடியைப் பிடித்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். எப்போது என்ன குடித்தார் என்று கேட்டார். கஷாயமும் தண்ணீரும் என்றதும் முகத்தைச் சுளித்தார். உள்ளே ஏதோ கிழிந்து ரத்தம் தேங்கிக்கொண்டிருக்கிறது, எது என்பது வயிற்றைத் திறந்தால்தான் தெரியும், உடனே திறக்கவேண்டும் என்றார்.

“பிழைச்சுடுவாரா, டாக்டர்?”

அவர் அந்தப் பக்கம் திரும்பி, நர்ஸம்மாவைப் பார்த்துத் தியேட்டரைத் தயார் பண்ணச் சொன்னார். என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. இவர் தண்ணீர் கேட்பார், கெஞ்சுவார், ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக்கூடாது. மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் போய் ஆளையே தீர்த்துவிடும்.

கடுமையாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது வயிற்றில் பாலை வார்த்தாற்போல் இருந்தது. பிழைக்கப்போகிறவனுக்குத்தானே பத்தியம் சொல்வார்கள்? அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கட்டிலின் பக்கத்தில் நின்றேன். இவர் தண்ணீர் கேட்கும்போதெல்லாம், ஆகட்டும், ஆபரேஷன் முடியட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது மாமியார் வந்தார். கையில் கங்கைச் சொம்பு.

எங்கள் வீட்டுச் சுவாமி அலமாரியில், வாயை ஈயத்தால் அடைத்த சின்னச் செப்புச் சொம்பு ஒன்று உண்டு. காசியிலிருந்து வந்தது. உயிர் பிரியும்போது வாயில் விடுவதற்காக வைத்திருப்பது. அதை வேறு எதற்கும் எடுக்கமாட்டார்கள். வார்டில் இருந்த பாதிப் பேருக்கு அது என்னவென்று தெரியும். பேச்சு நின்றுபோய் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு உடம்பு பற்றி எரிந்தது.

மாமியாரையும் சொல்லிக் குற்றமில்லை. என் மாமனார் ஆபீஸ் நாற்காலியிலேயே போய்விட்டவர். கடைசியில் அவர் வாயில் ஒரு வாய் தண்ணீர் விட யாருமில்லாமல் போயிற்றே என்று மாமியார் வருஷக்கணக்காக அழுதவர். பிள்ளைக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது, அவருக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் கவலை. எல்லாம் தெரியும். தெரிந்தும், கூடாது, டாக்டர் உத்தரவு என்று குறுக்கே நின்றேன். அவர் என்னைத் தாண்டி நேரே சர்ஜனிடம் போனார்.

சர்ஜன் அப்போதுதான் மறுபடி இவருடைய நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையை விட்டு மறு கையைப் பிடித்தார். பிறகு கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். மாமியார் சொம்பை நீட்டிக்கொண்டு, பெற்றவள் கேட்கிறேன் என்றார். சர்ஜன் அவர் முகத்தைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார்.

“ஒரு ஸ்பூன் குடுங்கம்மா. பரவாயில்லை.”

பிழைப்பாரா என்று கேட்டேனே, அதற்குப் பதில் இப்போது வந்துவிட்டது.

“சித்த முன்னாடி ஒரு சொட்டுக் கூடாதுன்னேள். இப்போ குடுக்கலாம்கறேள். நடுவுல என்ன ஆச்சு, டாக்டர்?”

அவர் என்னைத் தனியாக வரச்சொல்லிக் கையைக் காட்டினார். நான் நகரவில்லை. இங்கேயே சொல்லுங்கள் என்றேன். அந்த நாளில் ஒரு பெண்பிள்ளை டாக்டரிடம் அப்படிப் பேசினால் என்ன நினைப்பார்கள் என்பதெல்லாம் அப்போது நினைப்பிலேயே இல்லை.

“நாடி கைக்கே வரலைம்மா. இந்த நிலைமையில டேபிளுக்குப் போனவங்க எழுந்து வந்தது ரொம்பக் கம்மி. நான் திறக்கத்தான் போறேன். ஆனா அந்த அம்மா மனசுல பின்னால ஒரு குறை இருக்க வேண்டாம்னு பார்த்தேன்.”

நல்ல மனசோடுதான் சொன்னார். இன்றைக்கு எனக்கு அது புரிகிறது. அன்றைக்கு அவரைக் கடித்துக் குதறிவிடலாம் போல் இருந்தது.

“ரொம்பக் கம்மின்னா, ஒருத்தருமே இல்லைன்னு அர்த்தமில்லையே?”

“அப்படி அர்த்தமில்லை.”

“அப்போ தண்ணி வேண்டாம்.”

மாமியார் என் கையைப் பிடித்தார். “அவன் தாகத்தோட போனான்னா அந்தப் பாவம் உன்னைத்தான்டி சேரும்” என்றார். சேரட்டும் என்றேன். கட்டிலிலிருந்து இவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எல்லாம் காதில் விழுந்ததோ என்னவோ. உதடு ஒட்டிக்கொண்டு பேச்சு சரியாக வரவில்லை. ஒரு வாய் குடு என்று கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து என்னிடம் எதையும் அப்படிக் கெஞ்சிக் கேட்டவர் இல்லை. மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கதவு சாத்தினதும் என் வீராப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பெஞ்சியின் ஒரு கோடியில் நான், மறு கோடியில் மடியில் சொம்போடு மாமியார். நான் என்னத்தைக் கண்டேன்? வைத்தியம் படித்தேனா, ஜோசியம் தெரியுமா? டாக்டருக்கே இல்லாத நம்பிக்கை எனக்கு எங்கேயிருந்து வந்தது? நம்பிக்கையாவது ஒன்றாவது, வெறும் கோபம். அந்தக் கோபத்தில், ஒரு வாய் தண்ணீருக்குக் கெஞ்சின மனுஷரை வறண்ட நாக்கோடு அனுப்பிவிட்டேன். உள்ளே போனவர் திரும்பாவிட்டால், இனி ஆயுசுக்கும் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து எப்படிக் குடிப்பேன்? தாயே, ஈசுவரி, என்று வாய்விட்டு அழுதேன். மாமியார் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

சர்ஜன் வெளியே வந்தபோது சட்டையெல்லாம் நனைந்திருந்தது. மண்ணீரல் இரண்டாகக் கிழிந்திருந்தது, எடுத்துவிட்டேன் என்றார். வயிறு நிறையத் தேங்கிக் கிடந்த இவருடைய ரத்தத்தையே மொண்டு, துணியில் வடிகட்டி, திரும்ப இவர் உடம்பிலேயே ஏற்றினார்களாம். கேட்கவே குமட்டியது. நாடி வந்திருக்கிறது என்றார்.

“பிழைச்சுடுவாரா?” என்று மறுபடி கேட்டேன்.

“இன்னிக்கு ஒருதடவை தப்பா நினைச்சுட்டேன். இன்னொருதடவை என்னைக் கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறமும் லேசில் விடவில்லை. ஜுரம் வந்தது, வயிறு உப்பியது, ராத்திரி பகல் தெரியாமல் பிதற்றினார். கால் நரம்பில் உப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததே ஒழிய, வாயால் ஒன்றும் கூடாது. நர்ஸம்மா ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடுவார். சர்ஜன் தினமும் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் குழாயை வைத்துக் கேட்பார், உதட்டைப் பிதுக்குவார், போய்விடுவார். குடல் அசைகிற சத்தம் கேட்க வேண்டுமாம். மாமியார் தினம் வருவார், ஆனால் கட்டிலை நெருங்கமாட்டார். கால்மாட்டில், தூணோரமாக நின்றுவிட்டுப் போய்விடுவார். என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. என்மேல் அத்தனை ஆத்திரமா, இருக்கட்டும், எனக்கும் வைராக்கியம் உண்டு என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் காலையில் சர்ஜன் குழாயை வைத்தவர் எடுக்கவேயில்லை. வெகுநேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு ஸ்பூன் கொடுக்கலாம் என்றார். நர்ஸம்மா கிண்ணத்தையும் ஸ்பூனையும் என் கையில் கொடுத்தார். எனக்கு என்ன தோன்றிற்றோ, தூணோரம் நின்ற மாமியாரைத் திரும்பிப் பார்த்து, நீங்களே கொடுங்கள் அம்மா என்றேன்.

அவர் இரண்டு கையையும் புடைவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

“என் கை வேண்டாம்டி. அவன் போயிட்டான்னு நெனச்சுண்டு நீட்டின கை இது. நீயே குடு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் தூணோரம் நின்றது என்மேல் இருந்த கோபத்தினால் இல்லை. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. நான் எழுந்துபோய் அவரை அழைத்துவந்து கட்டிலோரம் உட்காரவைத்தேன். ஸ்பூனைக் கையில் திணித்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பாதி தண்ணீர் இவர் மோவாயில் வழிந்தது. மீதியை விழுங்கிவிட்டு, “இன்னும் கொஞ்சம்மா” என்று வாயைத் திறந்தார்.

மாமியார் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“குடுக்கலாமாடி?” என்று கேட்டார்.