பஞ்சாமிர்தமும் பன்னிரண்டு மணி நேரமும்

குடல் ஹார்மோன் ஆய்வில் இறங்கவிருக்கும் இளையோர்க்கு நான் சொல்லக்கூடிய முதல் செய்தி கருவிகளைப் பற்றியதன்று. காலை உணவைப் பற்றியது.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் ஆய்வகம் இருந்தது. உணவு உள்ளே இறங்கியதும் குடல் சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை கணையத்திடம் சென்று இன்சுலின் கேட்கின்றன. மூளையிடம் சென்று, போதும், இலையை மடி என்கின்றன. நீரிழிவும் பருமனும் உள்ளவர்களிடத்தில் இந்தத் தூது எப்படிப் போகிறது என்பதே எங்கள் கேள்வி. அதற்கு முதலில், பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறொன்றும் உட்கொள்ளாதவரின் இரத்தம் வேண்டும். பிறகு ஒரு சத்துப்பானம் கொடுத்து, அரை மணிக்கொரு முறை இரத்தம் எடுத்து, உடனே ஐஸில் வைப்போம்.

பானம் கிடைத்தது, ஐஸ் கிடைத்தது, வெறும் வயிறுதான் கிடைக்கவில்லை. இரண்டு முறை முயன்றோம். "காபி சாப்பாட்டுல சேராதே சார்" என்று ஒருவர். "மாத்திரை போடணும்னு ரெண்டு பிஸ்கட்" என்று இன்னொருவர். மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கிட். ஹார்மோனை அளக்க உதவும் அந்த இறக்குமதிப் பெட்டி அந்த வாரத்தோடு காலாவதி. அடுத்தது வந்து சேருமுன் திட்டத்தின் தவணையே முடிந்துவிடும். கடைசித் தொகுதிக்கு எட்டுப் பேர் வேண்டும்: பருமன் உண்டு, நீரிழிவு இல்லை. அவர்களோடு ஒப்பிட ஒல்லியான ஒருவர், அது நான்.

நாளைக் குறித்தவனும் நானே. அந்த வாரம் கிருத்திகை வந்தது. எட்டுப் பேரும் முருகனுக்கு விரதமிருப்பவர்கள். விடியலில் நீராடி, நீறணிந்து, மனப்பாடமான பதிகங்களை ஓதி, கோயிலுக்குப் போய்விட்டே வேலைக்கு வருவது என் வழக்கம். டாக்டருக்கு அஞ்சாதவரும் முருகனுக்கு அஞ்சுவர் என்று எண்ணி, எல்லாரிடமும், "கிருத்திகை அன்னிக்கு விரதத்தோட அப்படியே வந்துடுங்க" என்று சொல்லிவைத்தேன். இதைவிட நல்ல ஆய்வுத் திட்டத்தை எவரும் வகுத்ததில்லை என்ற பெருமிதமும் இருந்தது.

கிருத்திகையன்று காலை, என் டெக்னீஷியன் ரேவதி இரத்தம் எடுப்பதற்கு முன், குளுக்கோமீட்டரில் ஒவ்வொருவரின் விரலையும் குத்திப் பார்த்தாள். படப்பை முனுசாமிக்குச் சர்க்கரை மிகுதி. அவர் முன்பு நெல் விளைத்து, இப்போது மனை விற்பவர். சேலையூர் கல்யாணி டீச்சருக்கும் மிகுதி. எட்டுப் பேருக்கும் மிகுதி.

"மெஷின் கெட்டுப்போச்சும்மா" என்றேன்.

"நேத்துதான் சார் செக் பண்ணேன்."

"அப்ப ராத்திரியோட ராத்திரியா எட்டுப் பேருக்கும் சுகர் வந்துடுச்சா?"

"உங்களுக்கு ஒண்ணு போட்டுப் பாத்துடலாம் சார். நீங்கதான் ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்களே."

"பச்சைத் தண்ணிகூட இல்ல" என்று விரலை நீட்டினேன். முந்நூற்றைத் தாண்டி நின்றது எண்.

நான் வெற்றியோடு இயந்திரத்தைச் சுட்டிக்காட்டினேன். ரேவதியோ இயந்திரத்தைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தாள்.

"சார், கை பிசுபிசுன்னு இருக்கே. தேன் வாசனை வேற வருது."

"அது பிரசாதம்மா."

"என்ன பிரசாதம்?"

"பஞ்சாமிர்தம்."

"எவ்வளவு சார்?"

"குருக்கள் தெரிஞ்சவர்..." என்று இழுத்தேன். "ஒரு தொன்னை."

வாழைப்பழம், வெல்லம், பேரீச்சை, கற்கண்டு, தேன். நீரிழிவு மாநாட்டில் எச்சரிக்கைப் பலகையாக எழுதிவைக்கத்தக்க பட்டியல். கையைக் கழுவச் சொல்லி மறுபடி குத்தினாள். எண் பாதியாகக் குறைந்தது. ஆனாலும் வெறும் வயிற்றின் எண்ணாக இல்லை.

பெஞ்சிலிருந்து முனுசாமி தொடையைத் தட்டிச் சிரித்தார். "இன்னா சார், இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் வேற பயந்துகினு சொல்லாம கீறேன். ரெண்டே ரெண்டு ரவா தோசை சார். சோத்தக் கண்ணால பாக்கல. வெங்காயங்கூடப் போடல!"

"எனக்கு அவல் உப்புமா" என்றார் கல்யாணி டீச்சர். "விரதம்னா அதுதானே சார் வழக்கம்? நீங்க விரதத்தோட வாங்கன்னுதானே சொன்னீங்க?"

ஒருவரும் விரதத்தை மீறியிருக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் சோறுதான் உணவு, மற்றதெல்லாம் பலகாரம், பிரசாதமோ அருள். இத்தனை ஆண்டு ஹார்மோன்களோடு வாழ்ந்த நானும் அப்படியே நம்பித் தொன்னையை வழித்திருக்கிறேன்.

"குடலுக்குச் சாமியெல்லாம் தெரியாதுங்க. எது வந்தாலும் அதுக்குச் சாப்பாடுதான்" என்று எல்லாரிடமும் சொல்லி, என் தவற்றையும் ஒப்புக்கொண்டு, மறுநாள் வரும்படி கைகூப்பினேன்.

"நாளைக்கும் இப்படின்னா கிட் வேஸ்ட் சார். ப்ராஜெக்டே குளோஸ்" என்று ரேவதி மெல்லச் சொன்னாள்.

முனுசாமி தாடையைத் தடவினார். "நாளைக்கு எனிக்கு ரிஜிஸ்ட்ரேசன் கீது. தள்ளிப் போட்டுட்டு வரேன். ஆனா ஒரு கண்டிசன் சார். எங்கள நீங்க செக் பண்றீங்க. உங்கள யார் செக் பண்றது? காலைல கோயிலாண்ட நான் வந்து நிப்பேன்."

வந்து நின்றார். பாடி முடித்துக் கண் திறந்தேன். குருக்கள் தொன்னையை நீட்டினார். எந்த உத்தரவும் இல்லாமலே என் வலக்கை வாயை நோக்கி எழுந்தது. வழியிலேயே மணிக்கட்டைப் பிடித்துவிட்டார் முனுசாமி.

"சார்! குடலுக்கு சாமி தெரியாதுன்னு நேத்து சொன்னது யாரு?"

குருக்கள் திகைத்தார். "யார் சார் இவர்?"

"நம்ம ஆய்வுல ஒருத்தர் சாமி" என்றேன்.

தொன்னையை வாழையிலைத் துண்டால் மூடி, முனுசாமியே ஆய்வகத்துக்கு எடுத்துவந்து, என் கைக்கு எட்டாத அலமாரியின் மேல் வைத்தார். ஒன்பது விரல்களும் அன்று வெறும் வயிற்றுக்குரிய எண்ணையே காட்டின. பானம் குடித்தோம், அரை மணிக்கொரு முறை கையை நீட்டினோம். கிட் காலாவதியாவதற்கு ஒரு நாள் முன்னதாக ரேவதி எல்லா மாதிரிகளையும் அளந்து முடித்தாள். திட்டம் பிழைத்தது. ஆனால் அன்று கடைசி ஊசி எடுக்கப்படும் வரை என் கண் அலமாரியைவிட்டு இறங்கவில்லை என்பதை மறைப்பானேன்?

"இப்ப தொறங்க சார் வாய" என்று தொன்னையை இறக்கினார் முனுசாமி. ஒன்பது பேருக்கும் ரேவதிக்குமாகப் பங்கிட்டதில், எனக்கு வந்தது ஒரு சுண்டுவிரல் அளவு. அதுவே போதுமானதாக இருந்தது.

அன்று கற்றது இது: விரதமா என்று எவரையும் கேட்காதீர்கள், வாய்க்குள் என்னென்ன போயிற்று என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை முதலில் உங்களையே கேளுங்கள். கிருத்திகைக்கு மறுநாள் காலையே எங்கள் படிவத்தில் புதிய வரி ஒன்று சேர்ந்தது: ‘பிரசாதம் உண்டா? எவ்வளவு?’ அதை முதலில் நிரப்பியவன் நான். ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். என் சொல்லை மட்டும் நம்பாமல் கீழே சாட்சிக் கையெழுத்திட்டிருக்கிறார் முனுசாமி.