பிறை பார்த்த கணினி

பிழையான ஒன்றை நேராகப் பார்த்துக்கொண்டே "இது சரியாகத்தான் இருக்கிறது" என்று எப்படிச் சொல்ல முடிகிறது? இந்தக் கேள்வியை எனக்குள் பல தடவை கேட்டுவிட்டேன்.

இது நடந்தது சாய்ந்தமருதில் எங்கள் வீட்டில், சென்ற றமழான் தொடங்குவதற்கு முதல் நாள். அது ஒரு சனிக்கிழமை. வெள்ளி மாலை நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை, ஞாயிற்றுக்கிழமைதான் தலை நோன்பு என்று வானொலியில் அறிவித்திருந்தார்கள். என் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அங்கே பிறை கண்டுவிட்டதால் அவருக்குச் சனிக்கிழமையே நோன்பு. இப்படி ஒரே குடும்பத்தில் ஒருவர் நோன்போடும் மற்றவர்கள் நோன்பில்லாமலும் இருப்பது எங்களுக்குப் புதிதல்ல.

அன்று வீட்டில் நானும், ஒன்றரை வயது மகளும், மாமாவும் மட்டும்தான். மாமா என் கணவரின் வாப்பா, என் மாமனார். மாமி, கணவரின் அக்காவான மூத்த மதினியின் பிரசவத்துக்காக அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தார்.

கூடத்தின் மூலையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. கணவர் வெளிநாடு போகுமுன் வாங்கியது. அதற்கு எங்கள் வீட்டில் இரண்டு வேலை. ஒன்று, என் வேலை. மற்றது, மாமாவுடைய பாங்கு, அதாவது தொழுகை அழைப்பு. கல்முனைப் பகுதிக்கான தொழுகை நேரங்களைக் காட்டி, ஐந்து வேளையும் பாங்கு சொல்லும் ஒரு மென்பொருளைக் கணவர் அதில் போட்டுக் கொடுத்திருந்தார். அதன் மேற்பகுதியில் அன்றைய இஸ்லாமியத் திகதி பச்சை எழுத்தில் பெரிதாகத் தெரியும். மாமா காலையில் எழுந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

என் வேலை என்றேனே, அது இன்னும் கிடைத்திருக்கவில்லை. நான் தமிழில் பட்டம் முடித்தவள். மகள் பிறந்த பிறகு வெளியே போய்ப் படிப்பிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் கற்பிக்கும் வேலை ஒன்று இருப்பதாகக் கூடப்படித்த தோழி சொன்னாள். விண்ணப்பித்தேன். அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். லண்டனில் இருக்கும் பொறுப்பாளர் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகளும் திரையில் எழுத வேண்டும் என்பதால் கைத்தொலைபேசியில் எடுக்க முடியாது, கணினிதான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். தவறவிட்டால் வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள். மகளை விட்டுப் பிரியாமல் செய்யக்கூடிய ஒரே வேலை அதுதான் என்று எனக்குப் பட்டது.

காலையில் பாடத்துக்கான படங்களைச் செய்து முடித்துச் சேமித்துவிட்டு, வகுப்பு நடக்கும் தளத்தை ஒரு தடவை திறந்து பார்ப்போம் என்று பிரவுசரைத் திறந்தேன். சிவப்பு அடையாளத்தோடு ஓர் எச்சரிக்கை வந்தது. உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல, திருடர்கள் உங்கள் கடவுச்சொல்லைத் திருட முயலலாம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. வேறு தளங்களைத் திறந்தேன். அதே எச்சரிக்கை. இன்னொரு பிரவுசரில் வேறு சொற்களில் அதே பயமுறுத்தல். மூன்றாவதில் ஒன்றுமே வரவில்லை, வெறும் வெள்ளைத் திரை.

என் கைத்தொலைபேசியில், அதே வைஃபையில், எல்லாம் ஒழுங்காகத் திறந்தது. கணினியில் ரவுட்டரின் சொந்தப் பக்கம் மட்டும் திறந்தது. அப்படியென்றால் இணைப்பு இருக்கிறது, ஆனால் உலகம் மட்டும் வரவில்லை. 'திருடர்கள்' என்ற சொல்தான் எனக்குள் நின்றது. மகளின் படங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன.

கணவருக்கு அழைத்தேன்.

"இஞ்ச பாருங்க, கம்பியூட்டர்ல ஒரு பக்கமும் தொறக்குதில்ல."

"ரவுட்டர ஓஃப் பண்ணிப் போடு புள்ள."

"போட்டாச்சி."

"கம்பியூட்டர?"

"அதையும் போட்டாச்சி."

"அப்ப ஓதி ஊதிப் பாரு."

"பகிடி உடாதிங்க. நாலு மணிக்கு எனக்கு வகுப்பு இரிக்கி."

"எனக்கு இண்டைக்குத் தல நோம்பு. தேத்தண்ணி இல்லாம மண்ட வெடிக்கிது. நீ வயிறு நெறையத் திண்டுபோட்டு என்னப் போட்டு அறுக்காய்." அப்படிச் சொன்னாலும் அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை. எச்சரிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. ஆங்கில எழுத்துகளாலான நீண்ட ஒரு குறியீடு. அதன் நடுவில் திகதி என்று பொருள்படும் சொல்லும் இருந்தது. வாசித்துக் காட்டினேன்.

"மணி சரியாக் காட்டுதா?"

திரையின் மூலையைப் பார்த்தேன். கைத்தொலைபேசியைப் பார்த்தேன். இரண்டும் ஒரே நிமிடத்தைக் காட்டின.

"ஓம், சரியாத்தான் இரிக்கி."

"அப்ப அது இல்ல. வைரசாத்தான் இரிக்கும்."

எங்கள் கணினியில் கீழ்ப்பட்டையை நான் எப்போதோ ஒடுக்கமாக்கி வைத்திருந்தேன். அதனால் மூலையில் மணி மட்டும்தான் தெரியும், திகதி தெரியாது. இதை நான் சமாதானத்துக்காகச் சொல்கிறேனோ தெரியவில்லை. ஒரு தடவை அழுத்திப் பார்த்திருக்கலாம்தானே.

அதன் பிறகு இரண்டு மணித்தியாலம் நான் செய்யாத வேலையில்லை. பழைய பதிவுகளை அழித்தேன். வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தேன், பிறகு பயத்தில் திரும்பப் போட்டேன். ஒரு பிரவுசரை முற்றாக நீக்கினேன். நீக்கிய பிறகுதான், புதிதாக இறக்குவதற்கும் இணையம் வேண்டுமே என்று உறைத்தது. மகள் என் மடியில் ஏறி விசைப்பலகையைத் தட்டினாள். வழக்கத்தில் நான் அவளை ஏசுவதில்லை. அன்று ஏசிவிட்டேன்.

அவள் அழுகிற சத்தம் கேட்டு மாமா வந்தார்.

"என்ன மகள், முகம் கறுத்துப்போய் இரிக்கி?"

"ஆரோ கம்பியூட்டருக்குள்ள பூந்து என்னமோ செஞ்சிருக்கான் மாமா. ஒண்டும் தொறக்குதில்ல."

"ஆரு?"

"தெரியா. களவன் ஆராச்சும் இரிக்கும்."

"பாங்குக்கு ஒண்டும் ஆகல்லியே?" என்று கேட்டுக்கொண்டே திரையைக் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பச்சை எழுத்தில் ஷஃபான் முப்பது என்று இருந்தது. பிறை காணாததால் அன்று எங்களுக்கு, றமழானுக்கு முந்திய மாதமான ஷஃபானின் முப்பதாம் நாள்தான்.

"இல்ல மாமா, அது சரியாத்தான் இரிக்கி."

"அல்ஹம்துலில்லாஹ்." மாமா மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "நோம்பு வாற நேரம் பாத்து ஒரு கொமர்ப்புள்ளைக்கு இப்பிடிச் செஞ்சிருக்கான் பாருங்க. நாசமாப் போவான். அவன்ட கை வெளங்காமப் போகும். நான் லுஹர் தொழுதிட்டு அவனுக்கு நல்லா ஒரு துஆக் கேக்கன்."

பிள்ளை பெற்ற என்னைக் குமர்ப்பிள்ளை என்றதற்கு வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று அந்தப் பிரார்த்தனைக்கு மனம் நிறைந்து "ஆமீன்" என்றேன்.

லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு நேரம் தவறாமல் கணினி பாங்கு சொன்னது. மாமா பள்ளிவாசலுக்குப் போனார். இனி முடியாது, பாடத்தைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, கல்முனையில் ஏதாவது ஒரு கடையில் கணினி கேட்டு உட்காரலாம் என்று முடிவுசெய்தேன். கடை இரைச்சலுக்குள் அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எப்படி வகுப்பு எடுப்பது என்று யோசிக்கவே பயமாக இருந்தது. ஆனாலும் வேறு வழியில்லை.

பென்டிரைவைச் செருகி, காலையில் சேமித்த பாடத்தைத் தேடினேன். காணவில்லை. கடைசியாகச் செய்தவை மேலே வரும்படிதான் எப்போதும் வைத்திருப்பேன். மேலே முந்தாநாள் செய்த பயிற்சித் தாள் இருந்தது. காலையில் செய்தது இல்லை. களவன் அதையும் கொண்டுபோய்விட்டான் என்றே நம்பினேன்.

கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன். நீண்ட தூரம் போன பிறகு அது இருந்தது. மகளின் படங்களுக்கு நடுவில். ஒரு படத்தில் அவள் நாலு பக்கமும் தலையணை வைத்து உட்கார்த்தப்பட்டிருந்தாள். தானாக உட்காரத் தெரியாத வயது. அந்தப் படத்துக்கு அடுத்ததாக, அன்று காலை நான் செய்த பாடம். இரண்டுக்கும் ஒரே மாதம், ஒரே ஆண்டு. சென்ற ஆண்டு.

மகள் அப்போது என் காலடியில் நின்று மவுஸ் வயரை இழுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன். பிறகுதான் மூலையில் இருந்த மணியை அழுத்தினேன். நாட்காட்டி விரிந்தது. எங்கள் கணினி ஏறக்குறைய ஒரு வருடம் பின்னால் நின்றது. மணி மட்டும் நிமிடம் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

திகதியைச் சரியாக்கினேன். பிரவுசரைத் திறந்தேன். எல்லாப் பக்கங்களும் ஒன்றும் நடக்காதது போல வந்தன. இணையத்தளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றுகளுக்குக் காலக்கெடு உண்டு, சென்ற வருடத்தில் நிற்கும் கணினிக்கு இந்த வருடத்துச் சான்று செல்லாது என்று பிறகு வாசித்து அறிந்தேன்.

மூச்சு விட்டு நிமிர்ந்தபோது பச்சை எழுத்து மாறியிருந்தது. றமழான் ஒன்று.

அப்போதுதான் விளங்கியது. அந்த மென்பொருள் அரபு நாட்டுக் கணக்கில் ஓடுவது. நம் நாட்டில் பிறை காணாத மாதத்தில் அது ஒரு நாள் முந்திவிடும். சுபஹு என்ற அதிகாலைத் தொழுகைக்குப் பிறகு மாமா வந்து பார்த்திருக்கிறார். றமழான் ஒன்று என்று இருந்திருக்கிறது. இப்படியான மாதங்களில் மகன் முன்பு கணினித் திகதியை ஒரு நாள் பின்னுக்கு வைத்ததைப் பார்த்த பழக்கத்தில், தானே அதைத் தள்ளப் போயிருக்கிறார். கை தவறி ஆண்டில் பட்டிருக்கிறது. பச்சை எழுத்து எங்கேயோ போய்விட, அது ஷஃபான் முப்பதுக்கு வரும்வரை நாட்களைத் தள்ளித் தள்ளிப் பிடித்திருக்கிறார். பிடித்ததும் ஷஃபான் முப்பதுதான். ஆனால் சென்ற வருடத்து ஷஃபான் முப்பது. ஆண்டும் அதே பச்சை எழுத்தில்தான் இருந்தது. அவரும் வாசிக்கவில்லை, நானும் வாசிக்கவில்லை.

அடுத்த நொடி அந்தத் துஆ நினைவுக்கு வந்தது. நான் சொன்ன ஆமீனும்.

நாலு மணிக்கு வகுப்பு நடந்தது. மாமா மகளை வீட்டைச் சுற்றிய வளவுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். முதல் ஐந்து நிமிடம் என் குரல் நடுங்கியது. பிறகு அங்கிருந்த ஒரு பிள்ளை, "டீச்சர், உங்கட வீட்டுல கோழி கத்துது, அதுக்கும் எழுத்துத் தெரியுமா?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் குரல் வந்துவிட்டது. முடிவில் அந்தப் பொறுப்பாளர் அடுத்த வாரமே தொடங்கலாம் என்றார்.

வகுப்பு முடிந்ததும், மாமா உள்ளே வருவதற்குள் திகதியை ஒரே ஒரு நாள் மட்டும் பின்னுக்குத் தள்ளினேன். பச்சை எழுத்து ஷஃபான் முப்பதுக்கு வந்தது. நான் திறந்து பார்த்த பக்கங்களும் திறந்தன.

மாமா வந்து பார்த்தார். "சரி வந்திட்டா?"

"ஓம் மாமா. எல்லாம் தொறக்குது."

"பாத்தீங்களா மகள்! நான் அழுதழுது துஆக் கேட்டன். களவன் உட்டுட்டு ஓடிட்டான்."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் தன் கை விளங்காமல் போகும்படி தானே பள்ளியில் அழுது கேட்ட ஒரு மனிதரிடம், நோன்புக்கு முதல் மாலையில், அதை எப்படிச் சொல்வது? "ஓம் மாமா" என்று மட்டும் சொன்னேன். அன்றிரவு நான் கேட்ட துஆ, லுஹரில் கேட்டதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்பதுதான். பிறகு சில நாட்கள் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கணவரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "வாப்பாட்டச் சொல்லிராத, அவர் மறுகா நோம்பு முழுக்க அழுவார்" என்றார்.

றமழானும் பெருநாளும் முடிந்துவிட்டன. எங்கள் கணினி இன்னும் உலகத்துக்கு ஒரு நாள் பின்னால்தான் இருக்கிறது. வகுப்பு நாட்களை நான் சுவர்க் கலண்டரில் பார்த்துக்கொள்கிறேன். இதோடு விட்டிருக்கலாம். ஆனால் போன கிழமை மாமா பள்ளியிலிருந்து மிகுந்த சந்தோசத்தோடு வந்தார். கூட்டாளி ஒருவர் வீட்டுக் கணினியிலும் பிறை ஒரு நாள் முந்தி நிற்கிறதாம்.

"எனக்கு அந்தக் கை வேல தெரியுமெண்டு சொல்லிப்போட்டன் மகள். வாற பிறைக்குப் போய்ச் சரியாக்கிக் குடுக்கப் போறன்" என்றார்.

அந்த வீட்டில் பல்கலைக்கழகம் போகும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். அவளுடைய படிப்பெல்லாம் அந்தக் கணினியில்தான்.

அன்றிலிருந்து, ஒன்றைச் சரி என்று சொல்லுமுன் அதில் எந்தப் பகுதியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நின்று யோசிக்கப் பழகியிருக்கிறேன். மாமாவின் விசயத்தில் மட்டும் எது சரி என்று பிடிபடவில்லை. அவர் மனம் உடையாமல், அவர் கேட்ட துஆவை அவருக்கே நினைவூட்டாமல், இதை எப்படிச் சொல்வது? அல்லது சொல்லாமலே தடுக்க ஏதாவது வழி இருக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த பிறைக்கு முன் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.