சதுரங்கப்பட்டினத்து சைதூன் பேண்ட்

செங்கல்பட்டு கடைத்தெருவில் கிஃபாயத்துல்லாவின் தையற்கடைக்குப் பதினொரு வருடம் பேண்ட் தைத்துக் கொடுத்தவள் சைதூன். வெட்டிய துணி அவள் வீட்டுக்கு வரும். தைத்த துணி கடைக்குப் போகும். 1973இல் ஒரு வக்கீலின் பேண்ட் இடுப்பில் இறுகிவிட்டது. அளவு தப்பி வெட்டியவர் கிஃபாயத்துல்லா. ஆனால் வக்கீலுக்கு முன்னால் சைதூனை வரவழைத்து நிற்கவைத்து, "இந்தக் குருட்டுக் கழுதைக்கு வேல குடுத்தது என் தப்பு" என்றார். அதோடு விடவில்லை. கடைத்தெருவில் வேறு யாரும் அவளுக்குத் துணி கொடுக்காதபடி சொல்லியும் வைத்தார்.

அந்த ஆளின் கடையைக் காலியாக்கிக் காட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

சதுரங்கப்பட்டினத்தில் இருந்த அக்காள் வீட்டுக்கு வந்து, முன்னறையில் தையல் மிஷினைப் போட்டாள். பக்கத்தில் கல்பாக்கத்தில் அணுமின் நிலையக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது, ஆயிரக்கணக்கான ஆட்கள். செங்கல்பட்டில் தைத்த அதே மடிப்புக் கலையாத டெர்லின் பேண்ட்டுகளைத் தைத்து வாசலில் தொங்கவிட்டாள். மூன்று மாதத்தில் நான்குதான் போயின.

எதிர்வீட்டுக் காசியம்மாள் அந்த வேலையிடத்தில் கலவை சுமப்பவள். அவள்தான் சொன்னாள்: "அங்க எவனும் மாப்ள பேண்ட்டு போட்டுகினு வர்ல சைதூனு. எல்லாவனுக்கும் முட்டிதான் கிழிஞ்சி கீது."

கிழிந்ததையெல்லாம் வாங்கிவரச் சொன்னாள் சைதூன். ஒன்பது பேண்ட் வந்தது. ஒவ்வொன்றையும் தையல் பிரித்துத் தரையில் பரப்பிப் பார்த்தாள். முட்டியும் கவட்டையும் போயிருந்தன. பின்பாக்கெட்டில் இரும்பு அளவுகோல் குத்தி ஓட்டை போட்டிருந்தது. கெட்டிக் காக்கியில், முட்டிக்கு உள்பக்கம் இன்னொரு துணி கொடுத்து, கவட்டையில் மூன்று தையல் ஓட்டி, அளவுகோலுக்குத் தொடையில் நீளப் பாக்கெட் வைத்தாள். ஆறு மாதத்துக்குள் கிழிந்தால் சும்மாவே தைத்துத் தருவதாகவும் சொன்னாள். ஒரே வருடத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் வாசலில் நிற்க இடமில்லாமல் போயிற்று. 'சைதூன் பேண்ட்' என்று கேட்டே வந்தார்கள்.

அத்தோடு அவள் திருப்திப்பட்டிருக்கலாம். மனசு ஆறவில்லை. 1975இல் செங்கல்பட்டில், கிஃபாயத்துல்லாவின் கடைக்கு நேர் எதிரிலேயே ஒரு கடை எடுத்தாள். காசியம்மாள் வேண்டாம் என்றதை அவள் காதில் வாங்கவில்லை.

அந்த ஊர் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் கெட்டிக் காக்கியை ஏறிட்டும் பார்க்கவில்லை. தினமும் பஸ்ஸில் போய்வந்ததில் சதுரங்கப்பட்டினத்தில் சொன்ன நாளில் துணி தர முடியவில்லை. வேலைக்கு வைத்த பெண்கள் கவட்டையில் ஒரே தையலோடு விட்டார்கள். முதல் நாளிலிருந்து வாடிக்கையாக வந்த வெல்டர் ராஜேந்திரன் கிழிந்த பேண்ட்டை மிஷின் மேல் வைத்தான்.

"உன் சண்டைக்கு என் பேண்ட்டுதான் கெடச்சிதாக்கா?"

இதற்குள் கிஃபாயத்துல்லா அவள் பேண்ட்டைப் பார்த்து மலிவாக ஒன்று தைத்து, சைக்கிளில் ஆள் வைத்துக் கல்பாக்கத்திலேயே விற்க ஆரம்பித்திருந்தார். அவளிடம் வந்தவர்களில் பாதிப்பேர் அங்கே போய்விட்டார்கள்.

ஏழாம் மாதம் எதிர்க்கடையை மூடினாள். தன் கடை வாசலில் நின்று அவர் சிரித்துக்கொண்டிருந்ததை அவள் மறக்கவே இல்லை.

பிறகு காசியம்மாளைக் கூட்டிக்கொண்டு தொழிலாளர் கொட்டகைகளுக்கு நடந்தாள். விட்டுப்போனவர்களிடம் ஏன் போனீர்கள் என்று கேட்டு, திட்டினால் திட்டு வாங்கி, பழைய பேண்ட்டுகளை அங்கேயே உட்கார்ந்து தைத்தாள். கிஃபாயத்துல்லாவின் பேண்ட்டுகளும் முட்டியில் கிழிய ஆரம்பித்திருந்தன. அவற்றையும் சும்மாவே தைத்துத் தருவதாகச் சொன்னாள். இடுப்பில் தைத்திருக்கும் கடை லேபிளை மட்டும் அவளிடம் கொடுத்துவிட வேண்டும். தைக்கும்போதே அளவையும் குறித்துக்கொள்வாள். அடுத்த பேண்ட்டை அவளிடமே தைத்தார்கள்.

1977இல், பெருநாள் கூட்டம் நிறைந்த ஒரு காலையில், செங்கல்பட்டுக் கடைக்குள் நுழைந்து, வெட்டுமேஜை மேல் ஒரு பை லேபிளைக் கொட்டினாள். சுற்றி நின்ற வாடிக்கைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நூத்தி நாப்பது கீது பாய். எல்லாம் நீங்க தச்சது. குருட்டுக் கழுத பிரிச்சி தச்சிட்டேன்."

கிஃபாயத்துல்லா லேபிள்களை அவசரமாகக் கையால் அள்ளினார். வாடிக்கைக்காரர் ஒருவர் தான் கொடுத்த அளவை ரத்து செய்துவிட்டு இறங்கிப் போனார். அடுத்த மாதம் கல்பாக்கத்துக்கு சைக்கிள் வரவில்லை.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது தனக்கு மனசு குளிர்ந்திருந்தது என்று சைதூன் எல்லாரிடமும் சொன்னாள். வெட்கப்படவில்லை. மறு வருடம் சைதாப்பேட்டை வியாபாரி ஒருவர் முந்நூறு பேண்ட் கேட்டு வந்தபோது, அறுபதுக்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டாள். அதற்கு முன் ஒன்று மட்டும் விசாரித்தாள்: அந்தப் பக்கம் கிஃபாயத்துல்லாவுக்கு வாடிக்கை ஏதும் உண்டா என்று.