ஈட்டிக்காரனின் இரண்டாம் பாகம்

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டில் தினமும் சாயந்திரம் இரண்டு மூன்று கடவுள்களாவது செத்துப்போவார்கள். எல்லாரும் கிரேக்க தேசத்துக் கடவுள்கள். கொல்பவன் மட்டும் ஒரே ஆள். கையில் ஈட்டி, உடம்பு முழுக்க வெண்கலக் கவசம், முகத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனுடைய கடுப்பு. அவனுடைய நிஜப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. நாங்களாக ஈட்டிக்காரன் என்று வைத்துக்கொண்டோம்.

அந்த வீடியோ கேம் பெட்டியைக் காசிமேட்டில் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் பத்தாவது படித்துக்கொண்டிருந்த அண்ணன். செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்த அவனுடைய தோஸ்து, இனி தேறாது என்று தூக்கிப்போட இருந்ததை இவன் தலையில் கட்டிவிட்டான். அதில் ஒரு குறை இருந்தது. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி மறுநாள் அங்கிருந்தே தொடர முடியாது. பெட்டியை அணைத்தால் எல்லாம் போச்சு. ஈட்டிக்காரன் ஒவ்வொரு நாளும் ஆரம்பத்திலிருந்து எல்லாரையும் கொன்றுகொண்டு வர வேண்டும்.

அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நாங்கள் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை பார்க்கிற குடும்பம். "சாமிய வெட்றானேடா, பாவம் சுத்திக்கும்" என்றாள். "அது நம்ம சாமி இல்லம்மா" என்றான் அண்ணன். அம்மா இதைச் சிறிது நேரம் யோசித்தாள். பிறகு டிவிக்கு மேலே மாட்டியிருந்த மாதா படத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, "இப்ப ஆடு" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கடவுள்களின் கொலை நடக்கும்போதெல்லாம் மாதா துண்டுக்குள் இருப்பாள்.

முதல் பாகத்தின் முடிவில் கடலுக்கு அதிபதியான கடவுள் ஈட்டிக்காரனுடைய கப்பலைக் கையால் பிடித்து முறுக்கி உடைத்துவிடுவான். ஈட்டிக்காரன் தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருப்பான். முதலில் அவன் முகம் மறையும், பிறகு வாயிலிருந்து வந்த குமிழிகள் நிற்கும், பிறகு திரை கறுப்பாகிவிடும். அண்ணன் முதன்முதலாக அதுவரை ஆடி முடித்த அன்றைக்கு மாமாவும் கூட இருந்து பார்த்தார். மாமா என்றால் அப்பாவின் தங்கை புருஷன். லாஞ்சு என்கிற மீன்பிடி விசைப்படகில் டிரைவர். எங்கள் சந்திலேயே நான்கு வீடு தள்ளி அத்தையோடு இருந்தார். அவர்களுக்குக் குழந்தை கிடையாது. பல் குத்திக்கொண்டே பார்த்துவிட்டு, "கவசத்த கழட்டிப் போட்ருந்தா மெதந்திருப்பான், பேமானி" என்றார். எங்கள் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த மழைக்காலத்தில் மாமா போன லாஞ்சு ஆந்திரா பக்கம் புயலில் கவிழ்ந்தது. கூடப் போனவர்களை வேறு படகுக்காரர்கள் கரை சேர்த்தார்கள். மாமா மட்டும் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. அப்பா நெல்லூர் வரை போய் ஒவ்வொரு குப்பமாக விசாரித்துவிட்டு வந்தார். சில மாதங்கள் போனதும் பெரியவர்கள் கூடி, இனிமேல் பூசை வைத்துவிடலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். செத்தவருடைய ஆத்துமத்துக்காக வைக்கிற பூசை. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

"பொணத்த பாத்தியா நீ? அப்பால எதுக்கு பூசை? புயல்ல போன போட்டுங்க எத்தினி பர்மாவுல ஒதுங்கிக் கீது. அந்தாளும் அங்கதான் எங்கனா கீறாரு" என்பாள். பூ வைப்பதை நிறுத்தவில்லை. மீன் மார்க்கெட்டில் கூடையோடு உட்காருவதையும் நிறுத்தவில்லை. வாராவாரம் மாமாவின் லுங்கிகளைத் துவைத்துக் காயப்போடுவாள். நான் முழுக்க அத்தை கட்சி. மாமா பர்மாவில் இருக்கிறார், டிக்கெட் கிடைத்ததும் வருவார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

இப்படி இருக்கையில்தான் இரண்டாம் பாகம் வந்தது. வெள்ளை டிஸ்க்கின் மேல் பேனாவால் '2' என்று மட்டும் எழுதியிருந்தது. அண்ணன் அதைப் போட்டான். முதலில் வெறும் இருட்டு. அப்புறம் சாம்பல் நிறத்தில் ஓர் ஆறு. தண்ணீருக்குள் ஆயிரக்கணக்கான முகங்கள், எல்லாம் செத்தவர்களுடையவை. அந்த முகங்களுக்கு நடுவே ஒரு முகம் கண்ணைத் திறந்தது. இன்றைக்கு எவ்வளவோ பெரிய திரையில் என்னென்னவோ பார்த்தாயிற்று, அந்தக் கண் திறந்த மாதிரி எதுவும் என்னைப் பிடித்து உலுக்கியதில்லை.

குழம்புக்கு நெத்திலி கொடுக்க வந்த அத்தை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இவன் போன தபாவே செத்துட்டான்ல?"

"ஆமா அத்த."

"அப்பால எப்டிடா?"

அண்ணன் திரையை விட்டுத் திரும்பவே இல்லை. "இது செகண்ட் பார்ட்டு அத்த" என்றான், அதற்கு மேல் விளக்க என்ன இருக்கிறது என்பது போல.

அத்தை நெத்திலிப் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். அம்மா வந்து பையைப் பிடுங்கிக்கொண்டு போகும்வரை அப்படியே இருந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் மார்க்கெட் முடிந்ததும் நேராக எங்கள் வீடுதான். ஈட்டிக்காரன் செத்தவர்களின் நாட்டிலிருந்து மேலே ஏறி வர வேண்டும், அதுதான் ஆட்டம். ஒற்றைக் கண் அரக்கனின் கண்ணைப் பிடுங்குவான். தலைமுடியெல்லாம் பாம்பாக இருப்பவளின் கழுத்தை அறுப்பான். மூன்று தலை நாயின் வாயைக் கிழிப்பான். ரத்தம் டிவி கண்ணாடியில் உள்பக்கமாக அடித்து வழியும். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். அத்தை அசையமாட்டாள். "சொறா வயித்த கிழிச்சா இதவிட வரும்" என்பாள். அவளுடைய கேள்விகளெல்லாம் வேறு மாதிரி.

"அங்க குளுருமாடா?"

"தெர்ல அத்த."

"சோறு இன்னா பண்ணுவாங்க?"

"அதெல்லாம் காட்டல அத்த."

எல்லாரையும் கொன்ற பிறகு கடைசியில் ஒரு கதவு வரும். மலை உயரத்துக்குக் கல் கதவு. மேலே தூக்கித்தான் திறக்க வேண்டும். ஈட்டிக்காரன் குனிந்து தோளை அதன் அடியில் கொடுப்பான். அப்போது ஆட்ட ரிமோட்டில் வட்டம் போட்ட பட்டனை விடாமல் வேகமாக அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு ஏறும். அமுக்குகிற வேகம் ஒரு நொடி குறைந்தாலும் கோடு சரசரவென்று இறங்கி, கதவு அவன் மேலேயே விழுந்துவிடும். அண்ணனால் அந்தக் கோட்டை முக்கால்வாசிக்கு மேல் ஏற்ற முடியவில்லை. சந்தில் இருந்த பெரிய பையன்களெல்லாம் வரிசையாக வந்து பார்த்தார்கள். சட்டைத் துணியைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு அமுக்கினார்கள். ஒருத்தனாலும் ஆகவில்லை. தினமும் அந்த ஆள் அவ்வளவு தூரம் ஏறி வந்து, கதவுக்கு அடியில் நசுங்கிச் செத்தான். அத்தை எழுந்து போவாள்.

ஒருநாள் அப்பா வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே அத்தையிடம், "ஃபாதராண்ட பேசிட்டேன். நீ சரின்னா வர ஞாயித்துக்கெழம பூசைய வெச்சிக்கலாம்ன்றாரு" என்றார்.

"கொஞ்சம் பொறுண்ணா" என்றாள் அத்தை. "புள்ள அந்தக் கதவ தாண்டட்டும்."

"இன்னா கதவு?"

அத்தை டிவியைக் காட்டினாள். அப்பா டிவியைப் பார்த்தார், துண்டு போட்ட மாதாவைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா வாயில் விரலை வைத்துக் காட்டியதும் கைகால் கழுவப் போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் கைவிட்டுவிட்டான். கட்டைவிரல் வீங்கி, பரீட்சையில் பேனா பிடிக்க முடியவில்லை. கதவு விழுந்ததும் ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டான். "கேம்லயே மிஸ்டேக் அத்த. காப்பி டிஸ்க்கு. இது தெறக்கவே தெறக்காது."

"இங்க குடு" என்றாள் அத்தை.

அவளுக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. கையை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, ரிமோட்டை மடியில் மல்லாத்தி வைத்தாள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து விறைப்பாக நீட்டினாள். முதல் தடவை கோடு பாதிகூட ஏறவில்லை, கதவு விழுந்தது. ஈட்டிக்காரன் மறுபடி கதவுக்கு முன்னால் வந்து நின்றான். இரண்டாம் தடவையும் விழுந்தது. அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் காதில் வாங்கவில்லை. அதற்கடுத்த தடவை அவள் வாய் முணுமுணுக்க ஆரம்பித்தது. வரவரச் சத்தம் கூடியது.

"எந்திரிய்யா. கால ஊனு. நல்லா ஊனுய்யா. அங்கியே குந்திகினு இன்னா பண்ற? இன்னா கீது உனுக்கு அங்க? தூக்கு. வா, நான் புடிச்சிகினுகீறேன். வூட்டுக்கு வாய்யா."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். மாமா குடித்துவிட்டுச் சந்து முனையில் உட்கார்ந்துவிடும் நாட்களில் அவரைத் தோளில் சாய்த்து எழுப்பிக் கூட்டிவரும் குரல் அது. அத்தையின் விரல்கள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. சிவப்புக் கோடு முக்கால்வாசியைத் தாண்டியது. தாண்டி, அதற்கும் மேலே போனது. கல் கதவு முனகியது. அதன் அடியில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. கீற்று முழங்கால் உயரமானது, ஆள் உயரமானது. திடீரென்று கதவு முழுசாக மேலே போய்விட்டது. அந்தப் பக்கம் கடல். விடிகாலைக் கடல். ஈட்டிக்காரன் தலை நிமிர்ந்து மணலில் கால் வைத்தான்.

செத்த ஒருவனைக் கையால் வெளியே கொண்டுவந்ததை நான் கண்ணால் பார்த்தேன், அதுவும் எங்கள் அத்தை கொண்டுவந்ததை. அவள் இன்னமும் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தாள். அண்ணன்தான் அவள் விரல்களைப் பிடித்து நிறுத்தினான்.

"போதும் அத்த. வந்துட்டான்."

"வந்துட்டானா?"

"வந்துட்டான்."

ஈட்டிக்காரன் கடற்கரையோடு நடந்துபோய்ச் சின்னதாகி மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்து நான் அவளைச் சுற்றிச் சுற்றி ஆடினேன். பிறகு அத்தை எழுந்து புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, அடுப்பண்டை இருந்த அம்மாவிடம் போனாள்.

"அண்ணி, அண்ணனாண்ட சொல்லிடு. ஞாயித்துக்கெழமையே பூசைக்கு குடுத்துடச் சொல்லு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த வயதில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. கடலுக்குப் போனவனுக்காகக் கரையில் இருப்பவள் எதுவுமே செய்ய முடியாது, நிற்கத்தான் முடியும். அத்தை அத்தனை மாதமும் நின்றுகொண்டே இருந்தாள். அன்றைக்குத்தான் அவள் கையால் செய்ய ஒரு காரியம் கிடைத்தது. தன்னால் ஆன மட்டும் தூக்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவளால் அவரைப் போக விட முடிந்தது. அது சரியான விளக்கமா என்று தெரியாது, கேட்கவும் எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே எட்டியது? எங்கள் சந்தில் யாராவது பாஸானாலும், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தாலும் நன்றிப் பூசை வைப்பார்கள். இது ஈட்டிக்காரன் வெளியே வந்ததற்கான நன்றிப் பூசை என்று நான் உறுதியாக நம்பினேன். கிறிஸ்துமஸுக்கு எடுத்த சிவப்பு கவுனைப் பிடிவாதம் பிடித்துப் போட்டுக்கொண்டேன். கோயிலில் முன்வரிசையில், வெள்ளைப் புடவையில் இருந்த அத்தைக்குப் பக்கத்தில் போய் ஜம்மென்று உட்கார்ந்தேன். பின்னால் இருந்தவர்கள் எதற்கு அழுகிறார்கள் என்று புரியவில்லை. ஃபாதர் மைக்குக்கு அருகில் குனிந்து மாமாவின் பெயரை வாசித்தார்.

நான் பதறிப்போய் அத்தையின் கையை இழுத்தேன். "அத்த, ஃபாதர் தப்பா படிக்கிறாரு. மாமா பேர சொல்றாரு. போய் சொல்லுங்க அத்த."

அத்தை எழுந்து போகவில்லை. என்னை இழுத்துத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஃபாதர் இரண்டாம் முறையும் அதே தப்பைச் செய்தார்.